ஜப்பானிய வகுப்பறையில் உயராத கைகள்

ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் முதலாம் வகுப்பில், ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் 'ஹை, ஹை' ('ஆம், ஆம்') என்ற குரல்களோடு கைகள் உயர்ந்துவிடும். ஆறு வயதுக் குழந்தைகள் முழங்கையை மடக்காமல் கையைக் காதோடு ஒட்டி நிமிர்த்தி, சிலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடியே, தங்களைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அதே குழந்தைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேரும்போது, விடை தெரிந்திருந்தும் கையை மேசைக்கு மேலே கொண்டுவருவதில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும், எழுந்து தலையைச் சற்றுச் சாய்த்து, 'தெரியவில்லை' என்று சொல்லி அமர்ந்துவிடுவதே பலருக்கும் பாதுகாப்பான வழியாக இருக்கிறது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது?

ஜப்பானியர்கள் இயல்பிலேயே அடக்கமானவர்கள், கூட்டத்தில் தனித்துத் தெரிய விரும்பாதவர்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். இது எளிய பதில். ஆனால் முதலாம் வகுப்பின் ஆரவாரத்துக்கு இதில் இடமே இல்லை. மௌனம் பிறப்போடு வருவதென்றால் ஆறு வயதிலும் அது இருந்திருக்க வேண்டும். இடைவேளையிலும் விளையாட்டுத் திடலிலும் ஓயாமல் பேசும் பிள்ளை, பாடம் தொடங்கியதும் வாயடைத்துப் போவதையும் இந்தப் பதிலால் விளக்க முடியாது. வகுப்பறையில் பேசுவதற்கு என்ன வடிவம் வகுக்கப்பட்டிருக்கிறது, பேசும்போது யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பேசியதை யார் எதற்காக எடைபோடுகிறார்கள் என்பவற்றிலிருந்து இந்தப் பதற்றம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிகிறது என்றே நான் கருதுகிறேன். இதைப் பிள்ளையின் குறையாக மட்டும் பார்த்து, 'தைரியமாகப் பேசு' என்று முதுகில் தட்டிக்கொடுத்தால் பதற்றம் கூடுமே தவிரக் குறையாது.

முதலில் பேசும் முறையைப் பார்க்கலாம். பல தொடக்கப் பள்ளிகளில் விடை சொல்ல அழைக்கப்பட்ட பிள்ளை 'ஹை' என்று குரல் கொடுத்து எழ வேண்டும். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ள வேண்டும். வகுப்பில் அதிகம் பேர் இருக்கும் பக்கமாக உடலைத் திருப்ப வேண்டும். 'நான் இப்படி நினைக்கிறேன், ஏனென்றால்' என்ற சட்டகத்தில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் சில வகுப்புகளில் 'சரிதானா?' என்று மற்றவர்களைக் கேட்பதும் உண்டு. அதற்கு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'சரி' என்றோ 'நானும் அதேதான்' என்றோ ஒப்புதல் தரும். எல்லாரும் கவனித்துக் கேட்க வேண்டும், யாருடைய விடையும் கேட்பாரற்றுப் போகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில்தான் இந்தப் பழக்கம் வேரூன்றியது. ஆனால் அந்த ஒப்புதல் வராத ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். 'சரி' என்று எழ வேண்டிய முப்பது குரல்களும் எழவில்லை. எங்கோ ஓர் இடத்திலிருந்து 'அப்படியா?' என்று ஒரு முணுமுணுப்பு மட்டும் வருகிறது. விடை தவறு என்பதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே வகுப்பு சொல்லிவிட்டது. எட்டு வயதுக் குழந்தை அந்த அமைதியை எளிதில் மறப்பதில்லை.

குரலின் உரப்புக்குக்கூட அங்கே அளவுகோல் உண்டு. தொடக்கப் பள்ளி வகுப்பறைகளின் சுவரில் எண்ணிட்ட படம் ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். பூஜ்யம் என்றால் பேசாமல் இருப்பது, ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல், இரண்டு, குழுவுக்கு, மூன்று, வகுப்பு முழுவதற்கும், அதற்கு மேலே திடலில் கூப்பிடும் குரல். சில வகுப்புகளில் எறும்பு முதல் சிங்கம் வரை விலங்குகளை வரைந்திருப்பார்கள். சிறு குழந்தைகளுக்குச் சூழலறிந்து பேசக் கற்றுத்தரும் அழகான கருவி இது. ஆயினும் மெல்லிய குரலோடு பிறந்த பிள்ளைக்கு, 'மூன்றாம் எண் குரலில் இன்னொரு முறை சொல்' என்ற திருத்தம் தன் விடையைப் பற்றியதாகப் படாது. தன்னைப் பற்றியதாகவே படும்.

தாய்மொழிப் பாடத்தில் வாய்விட்டுப் படிக்கும் முறை இதைவிடக் கடுமையானது. பாடத்தை ஒரு வரிசையில் அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு வாக்கியமாக, முற்றுப்புள்ளி வரை படித்துக்கொண்டே போவார்கள். இதற்கு 'மாரு யோமி' என்று பெயர். தன் முறை வருவதற்குள் பிள்ளை என்ன செய்யும்? முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணும். தனக்கு வரப்போகும் வாக்கியம் எது என்று விரலால் தேடிப் பிடிக்கும். அது நீளமா, படிக்கத் தெரியாத 'கான்ஜி' எனும் சீனவழி எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். மனத்துக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்க்கும். அதுவரை மற்றவர்கள் படித்த கதை காதில் விழுந்திருக்காது. நடுவில் ஒரு பிள்ளை தவறுதலாக இரண்டு வாக்கியங்களைப் படித்துவிட்டால், பின்னால் இருக்கும் அத்தனை பேரின் ஆயத்தமும் குலைந்துபோகும். திக்கிப் பேசும் குழந்தைக்கு இது தனி வேதனை. பேச்சில் தடுக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அச்சிட்ட வாக்கியத்தில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

அடுத்து, கேட்பவர்கள் யார் என்பது. ஜப்பானியப் பொதுப்பள்ளிகளில் ஒரு வகுப்பின் உச்சவரம்பு நெடுங்காலம் 40 மாணவர்களாக இருந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, தொடக்கப் பள்ளி முழுவதற்கும் 35 என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எண்ணிக்கையைவிட முக்கியமானது அவர்கள் யார் என்பதுதான். ஏப்ரலில் அமைக்கப்படும் வகுப்பு அடுத்த மார்ச் வரை ஒரே அறையில், ஒரே முகங்களோடு இருக்கும். பாடம் மட்டுமல்ல, மதிய உணவு, அறையைத் துடைப்பது, விளையாட்டு விழா, கல்விச் சுற்றுலா, காலைக் கூட்டம், மாலைக் கூட்டம் எல்லாமே அந்த வகுப்போடுதான். நடுநிலைப் பள்ளியிலும் பாடத்துக்குப் பாடம் ஆசிரியர்தான் அறை மாறி வருகிறார். மாணவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வகுப்பில் நேர்ந்த ஒரு தடுமாற்றத்தை அடுத்த மணி நேரத்தில் வேறு கூட்டத்துக்குள் போய் மறந்துவிட முடியாது. முன்பின் தெரியாதவர்கள் முன்னே வரும் சபைக்கூச்சத்திலிருந்து இது வேறுபட்டது. நாளைக்கும் பக்கத்தில் அமர்ந்து சோறு உண்ணப்போகிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை இது. தவறாகச் சொன்னால் கேலி. மிகச் சரியாக, அடிக்கடி சொன்னால் 'கெட்டிக்காரத்தனம் காட்டுகிறான்' என்ற பெயர். பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு கூர்மையடையும் பத்து வயதுக்கு மேல், இரண்டுக்கும் இடையே நடுவில் நிற்பதே புத்திசாலித்தனம் என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிட்டு அளக்கும் பீசா (PISA) ஆய்வு, 2018இல், தோல்வியடையும்போது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை உண்டா என்று 15 வயது மாணவர்களைக் கேட்டது. 'ஆம்' என்றவர்களின் விகிதம் ஜப்பானில், இந்த ஆய்வை நடத்தும் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி (OECD) நாடுகளின் சராசரியைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது.

பிறர் முன் பேசுவதையோ, பேசப்போவதாக நினைப்பதையோ ஒட்டி எழும் அச்சத்தை 1970இல் ஒரு தனி ஆய்வுப்பொருளாக வரையறுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஜப்பானிய மனநல மருத்துவர் மொரிதா மசாதாகே இதன் தீவிர வடிவத்தைத் தம் நோயாளிகளிடம் கண்டு எழுதியிருந்தார். 'தாய்ஜின் க்யோஃபு' எனப்படும் அந்த நிலையில், தன் முகம் சிவப்பதோ, தன் பார்வையோ, உடல் வாடையோ எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தருகிறது என்ற அச்சம் மனிதரை வாட்டும். 'நான் அவமானப்படுவேன்' என்பதோடு 'என்னால் மற்றவர்கள் சங்கடப்படுவார்கள்' என்ற சுமையும் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் தயங்கும் பிள்ளைகளை இந்த நோயின் பட்டியலில் சேர்ப்பது பெரும் தவறு. பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சாதாரணக் கூச்சம்தான். ஆனால் அந்த இரண்டாவது சுமையின் சாயல் வகுப்பறையிலும் தெரிகிறது. விடை சொல்லத் திணறும் பிள்ளை, தன்னால் பாடம் நின்றுபோகிறது, எல்லாருடைய நேரமும் வீணாகிறது என்று தவிக்கிறது. மௌனம் காப்பது அதன் பார்வையில் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதையாகவும் ஆகிவிடுகிறது.

மொரிதாவின் சிகிச்சை முறையில் ஒரு கூறு பள்ளிகளுக்கு இன்றும் பொருந்தும். பதற்றத்தை முதலில் ஒழித்துவிட்டுப் பிறகு காரியத்தில் இறங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பதற்றம் இருக்கட்டும், செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்பார் அவர். செய்ய வேண்டியது பிள்ளையால் எட்டக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நான் சேர்க்க விரும்புவது.

மூன்றாவது, எடைபோடுதல். உயர்நிலைப் பள்ளி நுழைவில் தேர்வு மதிப்பெண்ணோடு, நடுநிலைப் பள்ளி தரும் உள்மதிப்பீடும் கணக்கில் வருகிறது. 'நாய்ஷின்' எனப்படும் அந்த மதிப்பீட்டில் பாடத்தின் மீதான ஆர்வமும் மனப்பாங்கும் ஒரு பகுதி. ஆர்வத்தை எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியும் குறியீடாகக் கை உயர்த்துவது பல வகுப்புகளில் எண்ணப்பட்டது. வாரத்துக்கு இத்தனை முறை கை உயர்த்து என்று பெற்றோர் பிள்ளைக்கு இலக்கு வைத்த வீடுகளும் உண்டு. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது இரட்டைத் தண்டனை: பேசினால் சகமாணவர்களின் பார்வை, பேசாவிட்டால் மதிப்பெண் இழப்பு. கை உயர்த்திய எண்ணிக்கை போன்ற, குணத்தின் தற்காலிக வெளிப்பாடுகளைக் கொண்டு மனப்பாங்கை மதிப்பிடுவது சரியல்ல என்று 2019இல் மத்தியக் கல்விக் குழுவின் அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. நல்ல திருத்தம்தான். ஆனால் இப்போதைய பாடத்திட்டத்திலும் 'தானாக முன்வந்து கற்கும் மனப்பாங்கு' மதிப்பீட்டின் மூன்று கூறுகளில் ஒன்றாக நீடிப்பதால், பழைய கணக்கு முற்றிலும் மறைந்துவிட்டதாகப் பிள்ளைகளும் பெற்றோரும் நம்பவில்லை.

இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து அழுத்தும் இடம் ஆங்கில வகுப்பு. 2011இல் தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020இல் அது 3, 4ஆம் வகுப்புகளுக்கு இறங்கியது. 5, 6ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 70 பாடவேளைகளோடு மதிப்பெண் தரும் பாடமாகவே ஆனது. பாட்டும் விளையாட்டுமாகப் பேசிப் பழகட்டும் என்று தொடங்கிய ஒன்று தரவரிசைக்கு உட்பட்டது. அயல்மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 1986இல் எலெய்ன் ஹோர்விட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல், பேச்சு அச்சம், தேர்வு அச்சம், பிறர் குறைத்து மதிப்பிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகப் பார்க்கிறது. ஜப்பானிய ஆங்கில வகுப்பில் மூன்றாவதே மேலோங்கி நிற்கிறது என்பதற்கு நான் காட்டும் சான்று ஒன்றுதான். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய பிள்ளைகளும், நல்ல உச்சரிப்புக் கைவரப்பெற்றவர்களும், வகுப்பில் படிக்கும்போது வேண்டுமென்றே, அயற்சொற்களை எழுதப் பயன்படும் ஜப்பானியக் கதகானா எழுத்தில் எழுதியதைப் போல ஆங்கிலத்தை உச்சரிப்பார்கள். தெரியாமல் தடுமாறுவதற்கான அச்சம் மட்டுமே இருந்தால் இவர்கள் பதறக் காரணமில்லை. தெரிந்ததை மறைத்து மற்றவர்களைப் போலத் தடுமாறிக் காட்டும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, மொழியறிவின் குறை இந்தச் சிக்கலின் ஒரு பகுதிதான் என்பது விளங்கும்.

2023ஆம் ஆண்டின் தேசிய அடைவுத் தேர்வில் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் திறனும் சோதிக்கப்பட்டது. சரியான விடைகளின் சராசரி 12.4 விழுக்காடு; ஐந்து வினாக்களில் ஒன்றுக்குக்கூடச் சரியாக விடை சொல்லாதவர்கள் பத்தில் ஆறு பேர். வினாக்கள் கடினமாக இருந்ததும் இதற்குக் காரணம் என்பதால் இந்த எண்ணை முழுக்கப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் இதற்கு மருந்தாக மேலும் தேர்வுகளையே கொண்டுவருவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. தோக்கியோ மாநகரம் 2022 நவம்பரில் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டினருக்குப் பேச்சுத் தேர்வைத் தொடங்கி, அதன் மதிப்பெண்ணை மாநகர உயர்நிலைப் பள்ளி நுழைவுக் கணக்கில் சேர்த்தது. ஒரே அறையில் பலர் ஒலிவாங்கிக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசும் ஏற்பாடு அது. பக்கத்திலிருப்பவரின் குரல் கேட்கிறது என்ற புகார் முதல் ஆண்டிலேயே எழுந்தது. பிறர் காதில் தன் குரல் விழுவதைப் பற்றி ஏற்கெனவே நடுங்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

பெருந்தொற்று இந்தப் பழைய சிக்கலுக்கு மேல் புதிய அடுக்கொன்றைச் சேர்த்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. திறந்த பிறகு மதிய உணவைப் பேசாமல் முன்னோக்கி அமர்ந்து உண்ண வேண்டும் என்ற விதி வந்தது, முகக்கவசம் அன்றாடமானது. 2023 ஏப்ரலில் பள்ளிகளில் முகக்கவசம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்ட பின்னும் பல பதின்வயதினர் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளாடையின்றி நிற்பது போன்ற கூச்சம் என்று அவர்களே சொன்னார்கள். தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளை இப்படிக் கழித்த பிள்ளைகள், வகுப்புத் தோழர்களின் முழு முகத்தையும் பாதிச் சிரிப்பையும் பார்த்துப் பேசிப் பழகும் வாய்ப்பை இழந்தார்கள்.

பேசத் தயங்கும் பிள்ளைகளிலும் சிலருக்குச் சுமை மிக அதிகம். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்லும் பேச இயலாமல் போகும் நிலைக்கு 'பாமென் கன்மொகு' என்று பெயர். அது பிடிவாதம் அல்ல. தொண்டை உண்மையாகவே இறுகிப்போகிறது. வகுப்பில் தொல்லை எதுவும் தராததால் ஆசிரியர் கண்ணில் இவர்கள் படுவதே தாமதமாகத்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பொதுப்பள்ளிகள் தக்க ஏற்பாடுகள் செய்து தரக் கடமைப்பட்டவை: வீட்டில் படித்ததைப் பதிவுசெய்து ஒப்படைப்பது, விடையை எழுதிக் காட்டுவது, பெயர் அழைக்கும்போது கையசைப்பது போன்றவை. மறுபுறம், ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை 2023 கல்வியாண்டில் 3,46,482ஆக உயர்ந்தது. காரணங்கள் பல, பேச்சுப் பதற்றத்தின் தலையில் எல்லாவற்றையும் சுமத்த முடியாது. ஆயினும் அவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரிடம் பதற்றமோ மனச்சோர்வோ இருந்ததாகப் பள்ளிகளே பதிவுசெய்திருக்கின்றன.

பேசும் முறையையே மாற்றிப் பார்த்த பள்ளிகளும் ஜப்பானில் இருக்கின்றன. கனகாவா மாநிலத்தின் சிகசாகி நகரில் 1998இல் தொடங்கப்பட்ட ஹமானோகோ தொடக்கப் பள்ளி, கல்வியாளர் சாதோ மனாபுவின் வழிகாட்டலில் அமைந்தது. அங்கே மேசைகள் ஒருவரையொருவர் பார்க்கும்படி மூன்று பக்கமாக அடுக்கப்பட்டன. பிள்ளைகள் நான்கு பேர் குழுக்களாகப் படித்தார்கள். ஆசிரியரின் குரல் தணிந்தது. 'ஹை, ஹை' என்ற ஆரவாரமே உயிருள்ள வகுப்பின் அடையாளம் என்ற எண்ணத்தைச் சாதோ ஏற்கவில்லை. நன்றாகப் பேசுவதைவிட நன்றாகக் கேட்பதையும், 'இது எனக்குப் புரியவில்லை, சொல்லித் தருவாயா?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதையும் அவர் கற்றலின் தொடக்கமாக வைத்தார். ஷிசுவோகா மாநிலத்தின் ஃபூஜி நகரிலிருக்கும் காகுயோ நடுநிலைப் பள்ளியும் 2001 முதல் இவ்வழியில் நடந்தது. பதற்றத்தின் கண்ணோடு பார்த்தால் இங்கே நடந்தது மிக எளியது: முப்பது பேருக்கான ஒப்புவித்தல் மூன்று பேருடனான உரையாடலாகியது, தெரியாது என்று சொல்வது வெட்கத்துக்குரியதாக இல்லாமல் போனது.

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மியாகி மாநிலப் பள்ளிகளில் பரவிய தத்துவ உரையாடல் வகுப்பில் இன்னொரு கருவி உண்டு. பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டே கம்பளி நூலைச் சுற்றி, தங்கள் கையால் ஒரு பந்தை உருவாக்குகிறார்கள். பிறகு பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம்; யாருக்குத் தர வேண்டும் என்பதை ஆசிரியரல்ல, அவரே முடிவுசெய்வார். பேச விருப்பமில்லாதவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்கு அதைத் தந்துவிடலாம். பேசாமல் இருக்கும் உரிமை உறுதியாக இருப்பதால் பேச முன்வருகிறார்கள் என்பதே இம்முறையின் அடிப்படை. சிபா பல்கலைக்கழகத்தில் உருவான 'வீரரின் பயணம்' என்ற பத்துப் பாட வகுப்புத் திட்டம், தான் அஞ்சும் சூழல்களைப் பிள்ளையே படிக்கட்டாக வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறச் சொல்லித் தருகிறது. மாணவருக்கு ஒரு கணினிப் பலகை என்ற அரசின் திட்டம் 2021 மார்ச்சுக்குள் பெரும்பாலான பள்ளிகளை எட்டியதால், கருத்தை எழுதித் திரைக்கு அனுப்பும் வழியும் திறந்திருக்கிறது. வாய் திறக்காத பிள்ளையின் கூர்மையான சிந்தனையை ஆசிரியர் முதன்முறையாகப் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் திரையில்தான். அந்த விடைகளைப் பெயரோடு பெரிய திரையில் காட்டும் வகுப்பிலோ, பழைய பார்வைகளே புதிய கருவிக்குள் குடியேறிவிடுகின்றன.

நடுநிலைப் பள்ளிகளிலும் 2026 ஏப்ரலிலிருந்து, முதலாம் ஆண்டில் தொடங்கி, வகுப்பின் உச்சவரம்பை 40இலிருந்து 35ஆகக் குறைக்க அரசு திட்டமிட்டது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் நான்கு பேர் குழுக்களுக்கு ஏற்பப் பாடத்தை மாற்றி அமைப்பதும், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கவனிப்பதும் நேரம் கேட்கும் வேலைகள். ஓஇசிடியின் 2018 ஆய்வுப்படி ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்; ஆய்வில் பங்கேற்ற நாடுகளில் அதுவே மிக அதிகம். அந்த நேரத்தில் கணிசமான பங்கு விளையாட்டுக் குழுக்களுக்கும் அலுவலகத் தாள்களுக்கும் போகிறது. அதைக் குறைக்காமல் ஐந்து மேசைகளை மட்டும் அகற்றினால், வரிசையில் அமர்ந்து ஆளுக்கொரு வாக்கியம் படிக்கும் அதே முறைதான் 35 பேரோடு தொடரும்.